முதல் வேலைக்கு வந்தவர்கள் தவறை மறைக்கிறார்கள், எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

கேள்வி | 3 செப்டம்பர் 2024

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பி.காம் முடித்த இரண்டு பேரை ஜூனில் சேர்த்து என் பொறுப்பில் விட்டிருக்கிறார் எங்கள் ஆடிட்டர் சார். டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, இ-வே பில் (லாரிச் சரக்குக்கான ஆன்லைன் சீட்டு) எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்கிறார்கள். போன வாரம் ஒரு இ-இன்வாய்ஸில் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணையே மாற்றிப் போட்டிருக்கிறான் ஒரு பையன். பார்ட்டி (வாடிக்கையாளர்) போன் செய்து கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு மூன்று நாள் முன்பே தெரியுமாம்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்பது என் கருத்து. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

3 செப்டம்பர் 2024, இரவு

பொறுப்பு இல்லை என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள் தம்பி. பொறுப்பில்லாதவன் அந்தத் தவறைக் கவனித்திருக்கவே மாட்டான். இவன் கவனித்திருக்கிறான், மூன்று நாள் மனதில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்து போயிருக்கிறான். யாருக்குப் பயந்தான் என்று பாருங்கள்.

முதலில் பில்லைச் சரிசெய்யுங்கள். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் என்றால் போர்ட்டலிலேயே ரத்து செய்திருக்கலாம். அந்த நேரம் போய்விட்டது. இனி கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழிக்கும் சீட்டு) போட்டு, சரியான எண்ணில் புது பில் போட வேண்டும். ஆகஸ்ட் மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போக 11ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. இதை நீங்கள் செய்து முடித்துவிட்டு அவனிடம் "பார்த்தியா" என்று காட்டாதீர்கள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையாலேயே செய்ய வையுங்கள்.

நான் செவ்வாய்பேட்டையில் ஒரு வரி ஆலோசனை ஆபீஸில் வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பவள். கொலுசுப் பட்டறைகள், லீ பஜார் மண்டிகள், ஆத்தூர் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) மில்கள், லாரிக்காரர்கள், ஏற்காட்டில் சில காபித் தோட்டக்காரர்கள் எல்லாம் எங்கள் பார்ட்டிகள். கல்லூரி முடிந்து நேராக எங்களிடம் வந்த பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

5 செப்டம்பர் 2024

"ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், 'நீங்க பிஸியா இருந்தீங்க சார்' என்றான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அவன் கண்ணில் அதுதான் பட்டிருக்கிறது. காதில் போன், எதிரே பார்ட்டி, மேஜை முழுக்க ஃபைல். இடையில் புகுந்து "சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்ல இருபத்தொரு வயதில் யாருக்கு வாய் வரும்?

பள்ளியிலும் கல்லூரியிலும் தவறு செய்தால் மார்க் போகும், அத்தோடு அந்தப் பேப்பர் முடிந்தது. யாரும் அதைத் திரும்பத் திறப்பதில்லை. ஆபீஸில் தவறான பில் வாங்கியவரின் கணக்குக்குப் போகிறது, வாங்கும்போது கொடுத்த வரியை (உள்ளீட்டு வரி) அவர் கழித்துக்கொள்வதைத் தடுக்கிறது, அப்புறம் நோட்டீஸாகத் திரும்பி வருகிறது. இந்த வித்தியாசத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. தானாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எங்கள் ஆபீஸில் சேரும் அன்றே சொல்லிவிடுவேன்: தவறு செய்தால் அன்று மாலைக்குள் என்னிடம் சொல், அன்றைக்கே சொன்ன தவறுக்குத் திட்டு கிடையாது. இதைச் சொல்வது சுலபம், காப்பாற்றுவது கஷ்டம். முதல் பிள்ளை வந்து முதல் தவறைச் சொல்லும்போது மற்ற எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் முகம் சுளித்தால் அந்த வருடம் முழுக்க யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். அந்தக் கேள்விக்கு "புரிஞ்சுது" தவிர வேறு பதில் கிடையாது. "நீ ஒரு தடவை போட்டுக் காட்டு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எங்கே தயங்குகிறான் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

6 செப்டம்பர் 2024

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் என்றேன். சில விஷயங்களுக்கு அதுவே தாமதம்.

தாரமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சேகோ ஏற்றிக்கொண்டு வடக்கே போன லாரி தொப்பூர் தாண்டி இரவில் நின்றுவிட்டது. சரக்கை வேறு லாரிக்கு மாற்ற வேண்டும், இ-வே பில்லில் இருப்பதோ பழைய வண்டி எண். மில்காரரிடம் அவள் நம்பர்தான் இருந்தது. பில்லையே ரத்து செய்ய வேண்டுமோ, அப்படிச் செய்தால் அபராதமோ என்று பயந்து, என்னை அந்த நேரத்தில் எழுப்பவும் மனமில்லாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். வண்டி எண் மாறினால் இ-வே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பகுதி 'பி'யில் புது எண்ணைச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லின் செல்லுபடி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இரவு முழுக்க லாரி நிற்பது மில்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரக்கு ரோட்டில் நிற்கிறது என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அதன்பிறகு எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் "அது அடுத்தவருக்கு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்தான் இப்போது எங்கள் இ-வே பில் வேலை முழுவதையும் பார்க்கிறாள். லாரிக்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

12 செப்டம்பர் 2024

11ஆம் தேதிக் கெடு முடிந்தது. அந்தப் பையன் நேற்று ஒரு விடுபட்ட பில்லை அவனாகவே வந்து சொன்னான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஜிஎஸ்டிஆர்-1 போன பிறகு சொன்னாலும் பரவாயில்லை. போன மாதத்திலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் வந்திருக்கிறது, 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) போடுவதற்கு முன் அதில் சேர்த்துவிடலாம். 3பி போய்விட்டால் அதைத் திருத்த வழியில்லை, அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். இதை அவனிடம் விளக்கிச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னதால் என்ன மிச்சமாயிற்று என்று அவன் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

18 செப்டம்பர் 2024

போன் பயத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன் மேடம், பார்க்கல" என்பதுதான் எங்கள் ஆபீஸிலும் அதிகம் கேட்கும் பதில். அந்தக் கொலுசுப் பட்டறைக்காரர் காலையிலிருந்து பற்றவைப்புக் குழாயை ஊதிக்கொண்டிருப்பார், அவர் எங்கே மெசேஜ் பார்ப்பது?

பிள்ளைகளுக்குப் போனில் என்ன பயம் என்று உட்கார்ந்து கேட்டேன். "யாரும்மா நீ, அக்காகிட்ட குடு" என்று சொல்லிவிடுவார்கள், அது அவமானமாக இருக்கிறது என்றார்கள். நியாயம்தானே. ஆகவே இப்போது புதியவர் வந்தால் முதல் வாரத்திலேயே முக்கியமான பார்ட்டிகளிடம் நேரில் கூட்டிக்கொண்டு போகிறேன். "இனி உங்க கணக்கை இவங்கதான் பார்ப்பாங்க, எதுவானாலும் இவங்ககிட்ட சொல்லுங்க" என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் பார்ட்டி என்னைக் கூப்பிட்டாலும் நான் பதில் சொல்லாமல் அந்தப் பிள்ளையிடமே போனைக் கொடுப்பேன். தெரிந்த பதிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. பெரியவர்கள் அங்கேதான் கெடுக்கிறோம்.

முதல் சில போன்களுக்குப் பக்கத்தில் இருங்கள், ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசட்டும். முடிந்த பிறகு ஒன்றே ஒன்றைத் திருத்துங்கள். ஐந்தைத் திருத்தினால் அடுத்த போனை எடுக்க மாட்டார்கள்.

பார்ட்டி முன்னால் திட்டாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

30 செப்டம்பர் 2024

டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான கணக்குத் தணிக்கை) கெடுவை அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

கெடு வாரத்தில் பிள்ளைகளை இரவு வரை உட்கார வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது 1947ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் இருத்தினால் கூடுதல் சம்பளமும், வீட்டுக்குப் போகும் வழியும் ஆபீஸ் பொறுப்பு. வாழப்பாடிக்கும் ஓமலூருக்கும் போகிற பிள்ளைக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மேஜையில் அந்த நேரங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த வாரம் ஒரு அப்பா ஆபீஸுக்கே வந்துவிட்டார். மகளை அழைத்துப் போக வந்தவரை உட்கார வைத்து, அவள் என்ன வேலை செய்கிறாள் என்று திரையில் காட்டினேன். வீட்டில் முதல் பட்டதாரி. அவருக்கு எதுவும் புரிந்திருக்காது, ஆனால் மகள் எனக்கு விளக்கிச் சொன்னதை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் போனில் தொந்தரவு செய்யவே இல்லை.

1 அக்டோபர் 2024

சம்பள நாள். முதல் சம்பளம் வாங்குகிற பிள்ளைகளிடம் பிடித்தத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளமே 15,000 ரூபாய் என்றால் பி.எஃப். 12 சதவீதம் 1,800 போகும். இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு 13,087. வீட்டில் "பதினஞ்சாயிரம்" என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளை இதைப் பார்த்து ஏமாந்ததாக நினைக்கும். பணம் எங்கே போகிறது, பி.எஃப். கணக்குக்குத் தரும் அந்த யுஏஎன் எண் எதற்கு, உடம்பு சரியில்லை என்றால் இ.எஸ்.ஐ. கார்டு எப்படி உதவும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

22 அக்டோபர் 2024

"சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம், கத்துக்கிட்டு பெங்களூருக்கு ஓடிடுவாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதனால் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறாராம். இதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

அந்தச் சான்றிதழ் பிள்ளையின் சொத்து. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது என்பதற்காக ஆபீஸில் இருப்பவன் மனம் வைத்து வேலை செய்வானா? வேலையை விட்டுப் போனால் இதே தொழிலை வேறு எங்கும் செய்யக்கூடாது என்றெல்லாம் எழுதி வாங்குகிறார்கள். 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

போவார்கள், சரி. சேலத்தில் கிடைக்கும் சம்பளத்துக்கும் அங்கே கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் உண்டாக்கியதில்லை. போகிற பிள்ளை ஒரு மாதம் முன்பே என்னிடம் வந்து "அக்கா, இன்டர்வியூக்குப் போறேன்" என்று சொல்கிற நிலை இருந்தால் போதும். அந்த ஒரு மாதத்தில் அடுத்தவருக்கு வேலையை அவர்களே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சொல்லாமல் போகிறவர்களால்தான் ஆபீஸ் திண்டாடுகிறது. தவறைச் சொல்லப் பயப்படுகிற ஆபீஸில்தான் இதையும் சொல்லாமல் போவார்கள்.

இன்னொருவர் முதல் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் "டிரெயினிங்" வைப்பது சரியா என்று கேட்டார். சரியில்லை. 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி முறையாக எடுக்கும் பட்டதாரிக்கே 2019 விதிகளின்படி மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. நம் ஊர் ஆபீஸ்கள் இதைப் பயன்படுத்தலாமே.

4 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. எங்களிடம் இந்த வருடம் சேர்ந்த பெண் மேலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவள். திங்கட்கிழமை விடியற்காலையிலேயே போன் செய்து, வர முடியாது என்பதையும், எந்தெந்த ஃபைல் பாதியில் நிற்கிறது, யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். ஜூனில் "குட் மார்னிங் மேடம்" சொல்லவே தயங்கியவள்.

அவளுக்கு லீவு போடவில்லை. மலை சரிந்தது அவள் தப்பா?

6 டிசம்பர் 2024

லீவு பற்றி இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கீழே தண்ணீர் தேங்கிய தெருவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் என்னிடம் பதில் வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் மாற்று விடுப்பு கொடுத்தாயிற்று. ஆனால் என் முடிவு மாறவில்லை. முன்கூட்டியே உண்மையைச் சொன்னவருக்குச் சம்பளம் பிடித்தால், அடுத்த மழைக்குப் "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்றுதான் போன் வரும்.

19 ஜனவரி 2025

பெரிய குறிப்பு, நேரம் இருந்தால் படியுங்கள்.

ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவரின் வரவை எங்கள் புதுப் பையன் மொத்தமாக விவசாய வருமானம் என்று போட்டு வரி இல்லை என்று கொண்டுவந்தான். நோட்ஸில் அப்படித்தான் படித்திருக்கிறான். வருமான வரி விதி 7பி-யை எடுத்துக் காட்டினேன். தோட்டக்காரரே விளைவித்து, கியூரிங்கும் (காய்ந்த கொட்டையின் ஓட்டை உரிப்பது) செய்து விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம். அதற்கும் மேலே போய் வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். படித்தான், தலையாட்டினான், அடுத்த தோட்டக்காரர் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 25 போட்டுவிட்டு வந்தான். அவரோ கியூரிங்கே செய்யாமல் வியாபாரிக்கு ஓட்டோடு பார்ச்மெண்டாகவே விற்கிறவர்.

மூன்றாவது முறை விதியைப் படிக்க வைப்பதில் பயனில்லை என்று தோன்றியது. அறுவடை நேரம் வேறு. ஒரு சனிக்கிழமை அவனையும் மலைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். சிவந்த பழத்தைப் பறித்து அன்றே பல்பரில் தோல் நீக்குவதைப் பார்த்தான். தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, களத்தில் பரப்பியிருந்ததைக் கையில் அள்ளினான். "இந்த மேல் ஓட்டோட இருக்கறதுதான் பார்ச்மெண்ட், இதை கியூரிங்கில் உரிப்பாங்க" என்று அந்தப் பெண் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டிலேயே காபி இருக்கிறது. ஆபீஸில் அவனுக்குப் பின்னால் நின்றவள் அங்கே முன்னால் நடந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனே கேட்டான்: "அக்கா, அப்போ ஒவ்வொரு தோட்டக்காரர்கிட்டயும் எந்த நிலைல வித்தீங்கன்னு கேட்டாத்தானே சதவீதமே போட முடியும்?" இந்தக் கேள்விக்காகத்தான் போனோம். இப்போது அந்த ஃபைல்களில் முதல் பக்கத்தில் அவன் தயாரித்த கேள்வித்தாள் இருக்கிறது. வறுக்காத கொட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம் என்பதையும் அதில் அவனாகவே சேர்த்திருக்கிறான்.

ஒரு நாள் வேலை கெட்டது என்று எங்கள் சாருக்கு வருத்தம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இனி சேகோ மில்லுக்கும் இப்படிக் கூட்டிப்போக வேண்டும். கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவைத்து, குலுக்கி உருட்டி, வறுத்துக் களத்தில் காயவைப்பதைப் பார்க்காமல் ஒரு மில்லின் இருப்புக் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது? மழைக்காலத்தில் களம் காயாமல் உற்பத்தி ஏன் குறைகிறது என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். பார்க்காதவன் கணக்கில் ஓட்டை என்று மில்காரரைச் சந்தேகப்படுவான்.

20 ஜனவரி 2025

"எங்கள் ஆபீஸில் ஊர் சுற்றிக் காட்ட ஆள் இல்லை, நேரமும் இல்லை" என்று வந்த பதிலுக்கு: செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வெள்ளியைக் கொடுத்து வேலை மட்டும் வாங்குவதும், கொலுசாகவே விற்பதும் கணக்கில் ஏன் வேறுவேறு என்பதற்கு அரை மணி நேரம் போதும். வரும்போது தட்டுவடை செட் வாங்கிக்கொடுங்கள். மேஜையில் கேட்காத சந்தேகமெல்லாம் அந்தக் கடை முன்னால் நிற்கும்போது வெளியே வரும்.

2 ஆகஸ்ட் 2025

நீண்ட நாள் கழித்து இந்த இழை மேலே வந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணை மாற்றிப் போட்ட பையன் கீழ் இந்த ஜூனில் ஒரு புதுப் பெண்ணை விட்டிருக்கிறீர்கள், அவள் 3பி தாமதமாகப் போட்டு நாளுக்கு 50 ரூபாய் வீதம் லேட் ஃபீஸ் வந்துவிட்டது, அதை அவள் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று சார் கேட்கிறார் என்றீர்கள்.

பிடிக்கவே கூடாது. பார்ட்டிக்கு ஆபீஸ் கட்டட்டும். கெடு நாளில் அந்த ஃபைல் யார் பார்வையில் இருந்தது என்று பாருங்கள். சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத பெண்ணிடம் தனியாகக் கெடு வேலையை விட்டது யார்? சாரிடம் நீங்கள் போய் இதைப் பேசுங்கள், அந்தப் பையனை அனுப்பாதீர்கள். அவனுக்காக நீங்கள் பேசினீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்தால் அவளுக்காக அவன் பேசுவான்.

ஆடிப் பண்டிகை லீவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், வண்டி வேடிக்கைக்கு (அலங்கார வண்டி ஊர்வலம்) குகை, அம்மாபேட்டைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். போர்ட்டலுக்கு ஆடி தெரியாது, 11ஆம் தேதி 11ஆம் தேதிதான். இன்றைக்கே எல்லாரையும் உட்கார வைத்து, எந்த பார்ட்டியிடம் பில் வரவில்லை என்று பட்டியல் போட்டு 5ஆம் தேதிக்குள் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். யார் எந்த நாள் வர மாட்டார்கள் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அந்தப் புதுப் பெண்ணுக்கு ஐந்தாறு சின்ன பார்ட்டிகள் கொடுங்கள், 9ஆம் தேதி உங்கள் பையன் ஒரு தடவை பார்க்கட்டும், 10ஆம் தேதி அவளே ஃபைல் செய்யட்டும்.